அசைந்தால் பெய்யும் மழை

நான் அதிகம் பேசமாட்டேன் என்பதற்காகத்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். என் காதுக்காக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் எல்லாரும் என் காதைப் பற்றியே பேசும்படி ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கால் மணி நேரத்தில் போய்விடுகிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார் கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் துடைக்கிற வைப்பருக்குச் சின்ன மோட்டார் செய்கிற இடம். பத்தாவது வரை படித்திருந்தேன். முதல் நான்கு வருஷம் பிரஸ் ஷாப்பில் போட்டார்கள். தகட்டை அச்சின் மேல் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால் மேலிருந்து இரும்பு இறங்கி வெட்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். எனக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில், இன்னும் பெரிய பிரஸ் ஒன்று இருந்தது. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு தருவார்கள். வேர்வையில் ஊறி அது விழுந்துவிடும். குனிந்து பொறுக்குவதற்குள் அடுத்த தகடு வந்து நிற்கும்.

நான்காவது வருஷம் முடியும்போது இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்துப் போயிற்று. நிற்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் மோட்டாரின் சத்தத்தைச் சோதிக்கிற அறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் சூப்பர்வைசர் பென்னலூர்க்காரர். வரிசையாக நின்ற எங்களைப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

“இந்தம்மாவ போடு. வாயே தொறக்காது. வாயாடி எவளாவது உள்ள பூந்தா மோட்டார் சத்தம் எங்கேர்ந்து கேக்கும்?”

அந்த அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச். கனமான கதவைச் சாத்தினால் வெளியே பிரஸ் அடிப்பதுகூட எங்கோ அடுத்த ஊரில் அடிப்பது போலாகிவிடும். அதனால் அதற்கு எல்லாரும் வைத்த பெயர் செவிட்டு ரூம். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாற்காலி என்றால் முதுகு சாய்கிற நாற்காலி. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. கதவு சாத்தியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வேலை இதுதான். மோட்டாரை ரப்பர் மேடையில் வைத்து, இரண்டு கிளிப்பை மாட்டி, ஸ்விட்சைப் போட வேண்டும். முதலில் மெதுவாக ஓடும், பிறகு வேகமாக. நல்ல மோட்டார் ‘ம்’ என்று ஒரே சீராக முனகும். பல் அடிபட்டிருந்தால் டக் டக் என்று இடறும். பேரிங்கில் எண்ணெய் வறண்டிருந்தால் நூலை இழுத்தது போல மெல்லிய கீச்சு. அதுதான் மோசமானது. அப்படிப்பட்ட மோட்டார் சில மாதத்திலேயே இறுகி நின்றுவிடும். நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதற்குச் சிவப்பு. எதுவென்று தீர்மானிக்க முடியவில்லை என்றால் மஞ்சள் ட்ரேயில் வைத்துவிட வேண்டும். அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவர் அதைக் கேட்டு முடிவு செய்வார். ஒருவர் காதுக்குச் சந்தேகம் வந்தால் இன்னொருவர் காது தீர்க்கட்டும் என்று யாரோ ஏற்படுத்திய வழக்கம். மஞ்சள் ட்ரேயில் யார் எத்தனை வைக்கிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்த ட்ரேதான் என்னைக் காப்பாற்றியது. ஏனென்றால் என் இடது காது போய்க்கொண்டிருந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் நான் திரும்புவதில்லையாம். கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அவரும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு வலது காதிலும் மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குக்கர் விசில் கேட்டது. கொசு கேட்கவில்லை. அறையில் மோட்டார் ஓடும்போது விரல் நுனியை அதன் மேல் வைத்துக்கொள்ளப் பழகினேன். டக் டக் விரலுக்கு நன்றாகத் தெரியும். சீரான முனகலும் தெரியும். சந்தேகமானதை மஞ்சள் ட்ரேயில் வைத்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி மருத்துவ அறையில் காதுச் சோதனை உண்டு. காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். நர்ஸ் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்குவார். எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடிக் கதவில் அவருடைய தோள் தெரியும். தோள் அசைந்தால் கையைத் தூக்கினேன். ‘நார்மல்’ என்று கார்டில் எழுதினார். அந்தக் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கவில்லை என்று சொன்னால் நாற்காலி போய்விடும். பிரஸ் ஷாப்புக்குத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூட என்னால் அங்கே நிற்க முடியாது.

எனக்கு அடுத்த ஷிப்ட்டில் அந்த நாற்காலிக்கு வந்தவள் ராமநாதபுரம் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சிறியவள். பென்னலூரில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்தாள். இரண்டு வருஷ டிரெய்னியாக எடுத்திருந்தார்கள். முடிந்ததும் சிலரைப் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. மத்தியானம் இரண்டரைக்கு நான் எழுந்திருக்க அவள் உட்காருவாள். இடையில் நாலைந்து நிமிஷம்தான் பேச்சு. அதுவும் அவள்தான் பேசுவாள்.

“என்னக்கா, மஞ்ச ட்ரே இப்படி நெறஞ்சு கெடக்கு? தாய்மாமன் சீர்வரிசை மாதிரில்ல அடுக்கி வச்சிருக்கீக!”

நான் சிரித்து வைப்பேன். அவளும் சிரித்துக்கொண்டே ட்ரேயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

இப்படியே போயிருக்கும். அந்த வருஷம் இரண்டாவது லைன் திறப்பு வந்தது.

திறப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்காக முன் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சத்தக் கூடம் கட்டுகிறார்கள் என்றார்கள். சத்தக் கூடம் என்றால் என்ன என்று யாருக்கும் புரியவில்லை. பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, சுவருக்கும் கூரைக்கும் கறுப்படித்து, தரையில் தடியான கம்பளம் போட்டார்கள். கம்பளத்துக்குக் கீழே ஒயர் கோத்த ரப்பர் பாய்கள்; மேலே ஆள் அசைந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சுவரிலும் கூரையிலுமாகப் பன்னிரண்டு ஸ்பீக்கர். மூலையில் மர அலமாரிக்குள் இரண்டு கம்ப்யூட்டர். இதையெல்லாம் செய்ய மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் தங்கியிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் மோர் குடித்துக்கொண்டிருப்பார். சவுண்ட் சார் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்.

அவர் செய்ய நினைத்தது மழை. ஆள் உள்ளே கால் வைத்ததும் தூறல் ஆரம்பிக்கும். நடந்தால் மழையும் கூடவே நடக்கும். வேகமாக நடந்தால் மழை வலுத்து, வைப்பர் மோட்டார் வேகமாக ஓடும். நின்றால் குறையும். யாரும் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். காருக்குள்ளே உட்கார்ந்திருப்பது போல இருக்க வேண்டும் என்றார்.

அது சித்திரை மாசம். மழைக்கு எங்கே போவது? ஒரு நாள் ஹோஸ் பைப்பால் லாரியின் மேல் தண்ணீர் அடித்துப் பதிவு செய்தார். கேன்டீன் வாசலில் நின்று எல்லாரும் பார்த்தோம். லோடிங் ஆள் ஒருவர், “கிணத்துல தண்ணி இல்ல, லாரிக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்றாரு பாரு,” என்றார். கடைசியில் அவருக்குப் பிடித்த மழை கேன்டீனில் கிடைத்தது. முறத்திலிருந்து பச்சரிசியைத் தகரத் தட்டில் மெதுவாகச் சரித்த சத்தம் அது. அந்தக் கூடத்தில் பெய்தது முக்கால்வாசி அரிசிதான்.

மோட்டார் சத்தத்துக்கு, நன்றாகக் காது கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“சார், நம்ம பிளான்ட்லயே இந்தம்மா காதுதான் நம்பர் ஒன். செவிட்டு ரூம்ல மூணு வருசமா கீது. ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல.”

“வணக்கம் மேடம்,” என்றார் சவுண்ட் சார். என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. இவருக்குத் தெரிந்துவிடும் என்று அப்போதே தோன்றியது.

ஒரு வாரம், தினமும் டீ நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவரோடு வேலை. முதலில் செவிட்டு ரூமுக்கே மைக்கைக் கொண்டுவந்து மோட்டார்களைப் பதிவு செய்தார். பச்சை ஸ்டிக்கர் மோட்டார்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது என்றார். அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் கூடையில் என்ன என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக ஓட்டி, கண்ணை மூடிக் கேட்டார்.

“இது பேசுது மேடம். இதுக்கு ஒரு குணம் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் கதவைத் திறந்தார்.

“சார் சார், இன்னா சார் பண்றீங்க? அது ரிஜெக்ட்டு!”

“தெரியும். இதுதான் நல்லா இருக்கு.”

“கஸ்டமரக் கூட்டியாந்து வச்சி ரிஜெக்ட்டு மோட்டார ஓட்டிக் காட்டுவாங்களா? பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் கெட்டுப்போன பஜ்ஜிய வெக்கிற மாதிரி கீதே!”

விஷயம் மேலே வரை போய், பச்சை ஸ்டிக்கர் சத்தம் மட்டும்தான் போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. சவுண்ட் சார் வாதாடவில்லை. சரி என்று மோரைக் குடித்தார். அவரும் என்னைப் போலத்தான், களைத்துப்போன ஆள்.

ஐந்தாவது நாள்தான் நான் பயந்தது நடந்தது. கூடத்தின் நடுவில் என்னை நிற்க வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டுங்கள் என்றார். கண்ணை மூடினேன். மோட்டார் முனகியது. வலப்பக்கம் காட்டினேன். மறுபடி முனகியது. மறுபடி வலப்பக்கம். எனக்கு எல்லாமே வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு, எப்போதும் ஒரே பக்கம் காட்டினால் சந்தேகம் வரும் என்று இடப்பக்கம் காட்டினேன். முதலில் ஓடியதெல்லாம் இடப்பக்கம், அது மட்டும் வலப்பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது சவுண்ட் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

சவுண்ட் சார் சூப்பர்வைசரைப் பார்த்து, “லெஃப்ட், ரைட் ஒயர மாத்திக் குடுத்துட்டேன் போலிருக்கு,” என்றார்.

சூப்பர்வைசர் கையைத் தட்டினார். “பாத்தீங்களா சார்! நீங்க ஒயர மாத்திக் குடுத்ததையே இந்தம்மா காது கண்டுபுட்ச்சிச்சி. நான் சொல்லல?”

அன்று ஷிப்ட் முடிவதற்குள் கம்பெனி முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. மெட்ராஸ்காரன் கம்ப்யூட்டர் செய்த தப்பை மண்ணூர் பொம்பளை கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள். பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். உட்காரக் கூசியது. ஆனால் கால் வலித்தது, உட்கார்ந்தேன்.

மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் கூடத்தில் இருந்தபோது அவர் கேட்டார்.

“இடது காது எத்தனை வருஷமா மேடம்?”

“நல்லாத்தான் கேக்குது சார்.”

அவர் என் வலப்பக்கம் வந்து நின்றுகொண்டார். “நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. ஆனா இந்த ரூம் விளையாட்டு. லெஃப்ட்டு ரைட்டானா ஒண்ணும் குடிமுழுகிப் போகாது. நீங்க பச்சை ஒட்டி அனுப்புறது மழையில ஓடப்போற மோட்டார்.”

விரலால் பார்க்கிறேன் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் பத்து மோட்டாரின் ஸ்டிக்கரை உரித்துவிட்டு வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பிரித்தேன். பல் இடறுகிற மூன்றையும் சரியாக எடுத்தேன். மிச்சம் ஏழும் நல்லது என்றேன்.

“இதுல ரெண்டு கீச்சு,” என்றார்.

ஒன்றை ஓட்டிக் காட்டினார். விரலை வைத்தேன். வலது காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். ‘ம்’ என்று சீராகத்தான் முனகியது. அவர் முகத்தைச் சுளித்ததை வைத்துத்தான் அது கத்துகிறது என்று தெரிந்துகொண்டேன்.

அதுவரை நான் என்னிடமே ஒரு சமாதானம் சொல்லிவைத்திருந்தேன். சந்தேகமானதைத்தான் மஞ்சள் ட்ரேயில் வைத்துவிடுகிறேனே, தப்பு எதுவும் போகவில்லை என்று. ஆனால் கேட்காத சத்தத்தின் மேல் சந்தேகம் எப்படி வரும்? எத்தனை கீச்சு மோட்டாருக்கு என் கையால் பச்சை ஒட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழை நாளில் நெடுஞ்சாலை ஓரத்தில் கார் ஏதாவது நின்றால் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அன்று இரண்டரை மணிக்கு ராமநாதபுரத்துப் பெண் வந்தபோது கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கேட்டேன்.

“நான் பச்சை ஒட்னதுல கீச்சு இருந்து நீ பாத்துகீறியா?”

அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டே இருந்தாள். “இப்ப எதுக்குக்கா அது?”

“சொல்லு.”

“ஒங்க கடேசி ரெண்டு பொட்டி பேக்கிங்குக்குப் போகாம இங்கனயே கெடக்கும்ல. அத நான் ஒருக்கா ஓட்டிப் பாத்துருவேன். கெடச்சா மாத்தி ஒட்டிருவேன். காலைல போனது என்னத்த பண்ண?”

“எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“மொத மாசமே தெரியும். ஒங்க எடப்பக்கம் நின்னு எத்தன தடவ கூப்புட்டிருக்கேன்! சாமி செல கூட லேசா அசையும் போல, நீங்க அசையமாட்டீக.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஒங்கள பிரஸ் ஷாப்புக்கு அனுப்பிருவாக. அந்தக் கால வச்சிக்கிட்டு அங்கிட்டுப் போயி நிப்பீகளா? போங்கக்கா, பஸ்ஸு போயிரும்.”

வெளியே வந்தேன். சுவரில் டார்கெட் போர்டு இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் போவேன், நின்று பார்த்ததில்லை. ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அன்றைய எண்ணிக்கை எட்டினால் பச்சை வட்டம், எட்டாவிட்டால் சிவப்பு. என் வரிசை முழுக்கப் பச்சை. அவள் வரிசையில் மூன்று மாதமாகச் சிவப்பு. என் மஞ்சள் ட்ரேயையும் என் பெட்டிகளையும் கேட்டு முடித்த பிறகுதான் அவள் தன் மோட்டாரைத் தொடவே முடிந்திருக்கிறது. டிரெய்னிகளில் யாரைப் பெர்மனென்ட் ஆக்குவது என்று அந்த போர்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

பஸ்ஸில் எனக்கு மறுபடி இடம் கொடுத்தார்கள். அன்று நின்றுகொண்டே போனேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ராத்திரி கால் வீங்கியதுதான் மிச்சம்.

சூப்பர்வைசரிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. திறப்பு விழா முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். எனக்குப் பேச்சு வராது என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. இன்னும் ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்காரலாமே என்ற ஆசையும் இருந்தது.

விழா அன்று புதுச் சீருடை கொடுத்து என்னைக் கூடத்து வாசலில் நிறுத்தினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அவர்கள் நடக்க நடக்க மழை பெய்தது. ஒருவர் குழந்தை போல அங்கும் இங்கும் ஓடிப் பார்த்தார். மழை வலுத்தது. சிரித்தார்கள். சூப்பர்வைசரும் மானேஜரும் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்கள். ஒயர்க் கதையாகத்தான் இருக்கும். ஓடிப் பார்த்தவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை மெத்தென்று இருந்தது. அவர் சொன்னது என்னவென்று புரியவில்லை. இடப்பக்கம் நின்று சொன்னதால் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் சவுண்ட் சார் பெட்டியைக் கட்டினார். போகும்போது இடது சுவரின் கடைசி மூலையைக் காட்டினார்.

“அங்க ஒரு சிவப்பு மோட்டார் சத்தம் வச்சிருக்கேன். கீச்சு. ரொம்பச் சன்னமா. அந்த மூலைக்கு யாரும் போகமாட்டாங்க. உங்களுக்கும் கேக்காது. சொல்லிட்டுப் போகணும்னு தோணிச்சு.”

ஏன் என்னிடம் சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் வேலையில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சூப்பர்வைசர் டேபிளுக்குப் போனேன்.

“சார், எனக்கு எடது காது கேக்கல.”

“இன்னாமா, காலைலயே தமாஷா?”

“மூணு வருசமாவே கேக்கல. வலதுலயும் கீச்சு கேக்காது. மஞ்ச ட்ரேல கீறது பாதி, நான் கேக்காம வச்சது.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்காரவில்லை.

“இத்த இன்னாத்துக்கு என்கிட்ட வந்து சொல்ற? மெடிக்கல் கார்டுல நார்மல்னு கீது. கீழ நான் சைன் போட்டுகீறேன். நேத்துதான் பாரின்காரன் வந்து உன் கையப் புட்ச்சி குலுக்கிட்டுப் போறான். இன்னிக்கு செவிடுன்னா என்னியத்தான் நிக்க வச்சிக் கேப்பாங்க.”

“எனக்கு அப்புறம் வர்ற பொண்ணுக்குப் போர்டுல செவப்பா வருது சார். என் மோட்டாரயும் சேத்து அதுதான் பாக்குது. அது மேல தப்பு இல்ல. எல்லாம் என்னுதுதான்.”

அவர் என்னையே பார்த்தார். “ஏம்மா, இவ்ளோ பேசுவியா நீ?”

நான் அழவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். பிரஸ் ஷாப்புக்கு எப்போது போக வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்காக யோசித்தாரா, தனக்காகவா என்று தெரியாது. இரண்டுமாக இருக்கலாம்.

“அந்த மழ ரூமுக்கு ஆளு இல்ல. கூட்டணும், காலைல ஸ்விட்சு போடணும், கஸ்டமர் வந்தா செருப்பு ரேக்க காட்டணும். ஒக்கார ஸ்டூல் போட்டுத் தரேன். காது கீதுன்னு யார்கிட்டயும் மூச்சு வுடாத. இன்னா?”

அப்படித்தான் காது கேட்காத நான் சத்தக் கூடத்துக்குக் காவலாளி ஆனேன். செவிட்டு ரூமில் என் ஷிப்ட்டுக்கு வேறொரு பெண்ணைப் போட்டார்கள். மஞ்சள் ட்ரேயில் நாளைக்கு இரண்டு மூன்று மோட்டார்தான் இருந்ததாம். போர்டில் ராமநாதபுரத்துப் பெண்ணின் வரிசை பச்சையானது. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

விழாவுக்குப் பிறகு கஸ்டமர்கள் வருவது மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது. கூடத்துக்கு ஏசி மட்டும் எப்போதும் ஓட வேண்டும், கம்ப்யூட்டர் சூடாகிவிடும் என்று சவுண்ட் சார் எழுதி வைத்திருந்தார். ஏசி, கம்பளம், இருட்டு. முதலில் கேன்டீன் அம்மா ஒருவர் தலைவலி என்று வந்தார். பிறகு லைனிலிருந்து டீ நேரத்தில் ஒருவர், இருவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்கள். மழை ஆரம்பிக்கும். சுவரோரமாக உட்காருவார்கள். அப்புறம் அசையமாட்டார்கள். அசைந்தால்தானே சத்தம்? காலை மாற்றிப் போட்டவரைப் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். “சும்மா குந்து. மழ வருது பாரு.” கொஞ்ச நேரத்தில் மழை ஓய்ந்துவிடும். பத்து நிமிஷம் பத்துப் பேர் அப்படியே இருப்பார்கள். சிலர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். நேரம் ஆனதும் நான் நடுவில் இரண்டு அடி நடப்பேன். மழை வந்து அவர்களை எழுப்பும். இது சூப்பர்வைசருக்குத் தெரியும். அவரும் ஒரு நாள் வந்து அப்படி உட்கார்ந்திருந்தார்.

டிரெய்னிகளின் இரண்டு வருஷம் முடிந்தபோது அந்த பேட்ச் முழுவதையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பச்சை, சிவப்பு எதையும் பார்க்கவில்லை. அடுத்த பேட்ச் மறுநாளே வந்தது.

கடைசி நாள் அவள் மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கேட்டிருப்பதாகச் சொன்னாள். திரும்பவும் டிரெய்னியாகத்தான்.

“நான் முன்னாடியே சொல்லிருந்தா…” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லிருந்தாலும் இதேதான்க்கா. விடுங்க. ஒங்க நாற்காலி சூட்ட நெனச்சாலே இப்பக்கூட தூக்கம் வருது. நான் வந்து ஒக்காரயில இட்லிச் சட்டி மாதிரில்ல இருக்கும்.”

அவள் கூடத்தைச் சுற்றி நடந்தாள். மழை அவள் பின்னாலேயே போனது. இடது சுவரின் கடைசி மூலையில் நின்றாள். தலையைச் சாய்த்தாள். பிறகு சிரித்தாள்.

“அக்கா, இங்கன ஒண்ணு கீச்சுங்குது. இதுக்கு யாரு பச்சை ஒட்டுனது?”

“நான் இல்ல,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டோம். தூறல் மெலிந்துகொண்டே போனது.

“நின்னுருச்சு,” என்று ரகசியமாகச் சொன்னாள்.

நான் தலையை ஆட்டவில்லை, ஆட்டினால் மறுபடி வரும். எனக்கு அது கொஞ்சம் முன்பே நின்றுவிட்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து வாசலில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அது இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்ததும் மழை ஆரம்பித்தது.